தொலைநிலைக் கல்வியும் நம் வீட்டு மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளும்

 

ஏழு ஆண்டுகளுக்கு முன், பிளஸ் டூ தேர்வு முடிவுகள் வெளியாகிச் சில நாட்கள் கழிந்த ஓர் இரவு. இஷாத் தொழுகை முடிந்து எல்லோரும் கலைந்த பின்னும் ஒருவர் மட்டும் பள்ளிவாசல் தூணருகே அமர்ந்திருந்தார். அவருடைய மகள் எங்கள் மக்தபில் ஓதிய பிள்ளை. சிறு வயதிலேயே இரு கால்களும் வலுவிழந்து, காலிபர் அணிந்து, ஊன்றுகோலின் துணையோடு நடப்பவள். ஸூராக்களை ஒப்புவிப்பதில் எப்போதும் முதலாவதாக நிற்பவள். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண் பெற்றிருந்தாள். வேதியியல் படிக்க வேண்டும் என்பது அவளது விருப்பம்.

தகப்பனார் அவளைப் பக்கத்து நகரத்துக் கல்லூரி ஒன்றுக்கு அழைத்துச் சென்றிருக்கிறார். வகுப்பறைகளும் ஆய்வுக்கூடமும் மாடியில் இருந்தன. லிஃப்ட் இல்லை. "பிள்ளைக்குச் சிரமம். கரஸ்பாண்டன்ஸில் சேர்த்துவிடுங்களேன்" என்று அன்போடு சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

"என்ன செய்யலாம் ஹஜ்ரத்?" என்று அவர் கேட்டார். நான் நெடுநேரம் யோசிக்கவில்லை. "அவர்கள் சொல்வதும் சரிதானே பாய்! வீட்டிலிருந்தே படிக்கட்டும். பேணுதலுக்குப் பேணுதலும் ஆயிற்று" என்றேன். அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது. எனக்கும் நிம்மதியாக இருந்தது. வீட்டுக்குப் போய் உணவருந்தி உறங்கிவிட்டேன்.

அந்தப் பிள்ளை பி.காம் படிப்பில் சேர்க்கப்பட்டாள். இரண்டு ஆண்டுகள் கழித்து, உடல்நலம் விசாரிக்க அவர்கள் வீட்டுக்குச் சென்ற என் மனைவியிடம் அவள் பேசியிருக்கிறாள். முதலாண்டுத் தேர்வு மையம் இரண்டாவது மாடியில் இருந்ததாம். முன்பின் தெரியாத இரண்டு ஆடவர்கள் அவளை நாற்காலியோடு தூக்கிச் சென்றார்களாம். "அந்த நாற்காலியில் இருந்தபோது எனக்கு அழுகை வந்தது. மறு வருஷம் நான் பரீட்சைக்கே போகவில்லை" என்று சொன்னவள், இறுதியில் ஒரு வார்த்தை கூறினாள்: "ஹஜ்ரத் அன்றைக்கு என்னிடமும் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்."

பேணுதலை முன்னிட்டு நான் சொன்ன ஆலோசனைதான், அந்நிய ஆடவர்களின் கைகளில் அவளைக் கொண்டுபோய் நிறுத்தியது. அவளுடைய அனுமதியோடுதான் இதை எழுதுகிறேன். பிள்ளைகளின் படிப்பு பற்றி முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் தாய் தகப்பன்மாரும், ஆலோசனை சொல்லும் இடத்தில் இருக்கும் என் போன்றவர்களும் இதைச் சிந்திக்க வேண்டும் என்பதே நோக்கம்.

சலுகை எதற்காக அருளப்பட்டது?

மார்க்கச் சட்டத்தில் 'ருக்ஸத்' என்றொரு பாடம் உண்டு. மத்ரஸாவில் ஆண்டுதோறும் நான் நடத்தும் பாடம் அது. தண்ணீரைப் பயன்படுத்த இயலாதவருக்குத் தயம்மும். நிற்க இயலாதவர் அமர்ந்து தொழலாம். அமரவும் இயலாதவர் படுத்துத் தொழலாம். நோயாளிக்கும் பயணிக்கும் நோன்பில் அவகாசம் உண்டு. சிரமம் இருக்கும் இடத்தில் இலகு வரும் என்பது ஃபிக்ஹின் பெரும் விதிகளுள் ஒன்று.

இந்தச் சலுகைகள் யாவும், மனிதன் தொழாமல் வீட்டில் இருந்துவிடட்டும் என்பதற்காக அருளப்பட்டவை அல்ல. எந்த நிலையிலும் அவன் தொழுகையை இழந்துவிடக் கூடாது என்பதற்காகவே அருளப்பட்டன. அமர்ந்து தொழும் நோயாளியின் நன்மை குறைவதில்லை. அதே வேளையில், சலுகைக்கு ஓர் அளவும் உண்டு. இயலாமை எவ்வளவோ அவ்வளவுக்கே சலுகை. ருகூவு வரை நிற்க முடிந்தவர் ருகூவு வரை நிற்கிறார். நிற்க முடிகிறதா இல்லையா என்பதைத் தம் உடலை அறிந்த அவரே உணர்கிறார். பக்கத்து ஸஃப்பில் நிற்பவர் அவருடைய தோளை அழுத்தி, "நீங்கள் உட்கார்ந்தே தொழுங்கள், எங்களுக்கும் இடைஞ்சல் இல்லை" என்று சொன்னால், அதை நாம் சலுகை என்று ஏற்போமா?

தொலைநிலைக் கல்வியும் ஒரு சலுகைதான். வேண்டியவர் எடுத்துக்கொள்ளும்போது அது பெரும் நிஃமத். கல்லூரியில் சாய்தளம் அமைக்கும் செலவையும், வீட்டில் நமக்கு ஏற்படும் சிரமத்தையும் தவிர்ப்பதற்காகப் பிள்ளையின் தோளை அழுத்தி உட்கார வைத்தால், அது சலுகையின் பெயரால் நடக்கும் விலக்கல். கல்லூரி அந்தப் பெண்ணுக்குச் செய்தது அதுவே. நானும் அதையே செய்தேன்.

இந்த வழி திறந்த வரலாறு

தொலைநிலைக் கல்வியைக் குறைத்துப் பேசுவது என் நோக்கமன்று. நம் நாட்டில் 1962ஆம் ஆண்டு தில்லிப் பல்கலைக்கழகம் அஞ்சல் வழிப் படிப்பைத் தொடங்கியது. தமிழகத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1979இல் தொலைநிலைக் கல்வியில் இறங்கியது. நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் 1985இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், மாநில அளவில் 2002இல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும் தோன்றின. கடையில் நின்றுகொண்டே பட்டம் பெற்றவர்கள், திருமணத்துக்குப் பின் படிப்பைத் தொடர்ந்த பெண்கள், வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து தேர்வு எழுதியவர்கள் என நம் மஹல்லாக்களில் எத்தனையோ பேர் இதனால் பயன் பெற்றிருக்கிறார்கள்.

முறையான அங்கீகாரத்தோடு நடத்தப்படும் தொலைநிலைப் பட்டம், நேரடி வகுப்பில் பெறும் பட்டத்துக்குச் சமமானது என்பதைப் பல்கலைக்கழக மானியக் குழு தெளிவுபடுத்தியிருக்கிறது. ஆகவே "கரஸில் படித்ததெல்லாம் ஒரு படிப்பா?" என்று ஏளனமாகப் பேசுவது அறியாமை.

வலியும் சோர்வும் எந்த நாளில் வரும் என்று சொல்ல முடியாத நோயுடையவர்கள், அடிக்கடி மருத்துவமனை செல்ல வேண்டியவர்கள், பேருந்தில் ஒரு மணி நேரம் பயணித்தாலே மறுநாள் எழ முடியாதவர்கள் ஆகியோருக்கு இந்த வழி ஓர் அருட்கொடை. 2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி இந்தியாவில் 2.68 கோடி மாற்றுத்திறனாளிகள் இருந்தார்கள். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 11.8 லட்சம் பேர். இவர்களில் எத்தனை பேர் நம் மஹல்லாவைச் சேர்ந்தவர்கள் என்று நம் ஜமாஅத்தின் பதிவேட்டைப் புரட்டினால் தெரியுமா?

ஆயினும் இந்த வழி எல்லாப் படிப்புக்கும் செல்லாது. மருத்துவம், பொறியியல், செவிலியம், மருந்தியல், சட்டம் போன்றவற்றைத் தொலைநிலையில் பட்டப்படிப்பாகப் படிக்க அனுமதி இல்லை. ஆய்வுக்கூடம் வேண்டும் பாடங்களுக்கும் இதில் வாய்ப்பு குறைவு. வேதியியல் விரும்பிய பிள்ளை பி.காமுக்குப் போனது அதனால்தான். 'வீட்டிலிருந்தே படி' என்று நாம் சொல்லும்போது, 'நீ விரும்பியதை விட்டுவிடு' என்றும் சேர்த்தே பல நேரங்களில் சொல்கிறோம்.

சட்டம் என்ன சொல்கிறது?

அன்று இரவு எனக்குத் தெரியாமல் போன செய்தி ஒன்று உண்டு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. பழைய 1995ஆம் ஆண்டுச் சட்டத்தில் 7 வகைகளாக இருந்த இயலாமைகள் இதில் 21 வகைகளாக விரிந்தன. அரசின் உயர்கல்வி நிறுவனங்களும் அரசு உதவி பெறும் நிறுவனங்களும் 40 விழுக்காடோ அதற்கு மேலோ இயலாமை உடையவர்களுக்கு 5 விழுக்காட்டுக்குக் குறையாமல் இடம் ஒதுக்க வேண்டும். சேர்க்கைக்கான வயது வரம்பிலும் 5 ஆண்டுத் தளர்வு உண்டு. அரசு அங்கீகாரம் பெற்ற கல்வி நிறுவனங்கள் பாகுபாடின்றிச் சேர்க்க வேண்டும்; கட்டடத்தையும் வளாகத்தையும் அவர்கள் வந்து செல்ல ஏற்றதாக்க வேண்டும்; தனிப்பட்ட தேவைக்கேற்ப நியாயமான வசதிகளைச் செய்து தர வேண்டும் என்பதும் அச்சட்டத்தின் கட்டளை.

"லிஃப்ட் இல்லை, ஆகவே கரஸில் சேருங்கள்" என்ற பதில் கருணையாகத் தோன்றினாலும் சட்டப்படி போதுமான பதில் அன்று. அந்த ஒரு வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள் என்று கேட்க அந்தத் தகப்பனாருக்கு உரிமை இருந்தது. மாவட்டந்தோறும் மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. மாநில ஆணையரிடம் முறையிடவும் வழியுண்டு. இவற்றை எடுத்துச் சொல்லி, அவரோடு ஒரு நாள் கல்லூரிக்கு நானும் நடந்திருக்க வேண்டும். எனக்கு அதற்கு நேரம் இருந்தது.

தானே தேர்ந்த ஒருவர்

இனி இன்னொரு மாணவரைப் பற்றிச் சொல்கிறேன். பிறவியிலேயே பார்வை இல்லாதவர். எங்கள் மத்ரஸாவில் பிறர் ஓதக் கேட்டுக் கேட்டே குர்ஆன் முழுவதையும் மனனம் செய்தவர். ஒரு சிறு ஊரின் பள்ளிவாசலில் பணியாற்றிக்கொண்டே வரலாறு படிக்க விரும்பினார். ஐவேளைப் பொறுப்பு உள்ளவர் கல்லூரிக்குச் செல்ல இயலாது. ஆகவே தொலைநிலைக் கல்வியை அவரே தேர்ந்துகொண்டார். இங்கே சலுகை அதன் சரியான இடத்தில் அமைந்தது.

ஆனால் சேர்ந்த பின்புதான் சிரமம் தொடங்கியது. பாடநூல்கள் அச்சுப் புத்தகங்களாகப் பார்சலில் வந்தன. பார்வையற்றவர் கையில் அச்சுப் புத்தகம்! அவருடைய தங்கை இரவில் படித்துக் காட்டினாள். தங்கைக்குத் திருமணமாகி அவள் புகுந்த வீடு சென்றதும் வாசிப்பு நின்றது. பின்னர் பாடங்களைக் கணினிக் கோப்பாகக் கேட்டுப் பெற்றார். திரையில் உள்ளதைக் குரலாக வாசிக்கும் மென்பொருள் அவரிடம் இருந்தது. ஆனால் வந்த கோப்புகளில் பாதி, பக்கங்களைப் படம் பிடித்து வைத்தவை. படத்தில் உள்ள எழுத்தை அந்த மென்பொருளால் வாசிக்க முடியாது. மீதிக் கோப்புகள் ஒருங்குறி வருவதற்கு முந்தைய பழைய தமிழ் எழுத்துருக்களில் இருந்தன. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும். காதுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசையாகக் கேட்கும். ஒரு பக்கத்தைப் பொருள்பட ஒருங்குறியில் தட்டச்சு செய்து கொடுத்தால் போதும், அவர் அதைக் கேட்டுப் படித்துவிடுவார். அந்தச் சிறு வேலையைச் செய்ய ஆளில்லாமல் ஓராண்டு வீணாயிற்று.

இதற்கான வழிகள் உலகில் இல்லாமல் இல்லை. ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற இளைஞர் ஒருவர் 2006இல் தொடங்கிய என்.வி.டி.ஏ என்ற திரைவாசிப்பான் இன்றும் இலவசமாகக் கிடைக்கிறது; தமிழையும் வாசிக்கிறது. ஆண்ட்ராய்டு கைப்பேசியில் டாக்பேக் என்ற வசதி உள்ளேயே அமைந்திருக்கிறது. சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் 2016 முதல் அச்சைப் படிக்க இயலாதவர்களுக்கு ஏற்ற வடிவில் நூல்களை வழங்குகிறது. காப்புரிமைச் சிக்கல் வருமோ என்ற அச்சமும் வேண்டாம். 2012இல் திருத்தப்பட்ட நம் நாட்டுக் காப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக நூலை ஏற்ற வடிவுக்கு மாற்றுவதை லாப நோக்கமின்றிச் செய்ய அனுமதிக்கிறது. மொராக்கோவின் மராக்கேஷ் நகரில் 2013இல் இதற்கென உலக உடன்படிக்கை ஒன்று உருவானபோது, அதை முதலில் உறுதி செய்த நாடு இந்தியா. கருவியும் சட்டமும் இருக்கின்றன. மாணவரின் கையில் கொண்டுபோய்ச் சேர்க்கும் மனிதர்கள்தாம் குறைவு.

தேர்வு அடுத்த தடை. கையால் எழுத இயலாதவர்களுக்கும் பார்வையற்றவர்களுக்கும் 'சொல்வதை எழுதுபவர்' ஒருவரை வைத்துக்கொள்ள உரிமை உண்டு. ஒன்றிய அரசு 2018இல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகளின்படி, ஒரு மணி நேரத் தேர்வுக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரம் தரப்பட வேண்டும். மூன்று மணி நேரத் தேர்வென்றால் ஒரு மணி நேரம் கூடுதல். எழுதுபவரை மாணவர் தாமே அழைத்து வரவும் அந்நெறிமுறைகள் இடமளித்தன. அப்போது அவருடைய கல்வித் தகுதி மாணவரின் தகுதியைவிட ஒரு படி குறைவாக இருக்க வேண்டும் என்றும் அவை கூறின. தேர்வை இயன்றவரை தரைத்தளத்திலேயே நடத்த வேண்டும் என்றும் அந்நெறிமுறைகளில் உண்டு. நாற்காலியோடு தூக்கிச் செல்லப்பட்ட அந்தப் பிள்ளைக்கு, முன்கூட்டியே ஒரு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க யாரேனும் இருந்திருந்தால் அந்த அவமானமும் ஈராண்டு இழப்பும் நேராமல் இருந்திருக்கக்கூடும்.

2020ஆம் ஆண்டு ரமளானை நினைத்துப் பாருங்கள்

தனிமை மூன்றாவது தடை. இதை நமக்கு விளக்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு ரமளானில் பள்ளிவாசல்கள் பூட்டியிருந்தன. தராவீஹை வீட்டுக் கூடத்தில் தொழுதோம். தொழுகை நிறைவேறியது, அதில் ஐயமில்லை. ஆனால் தோளோடு தோள் நின்ற ஸஃப் இல்லை, ஸலாம் கொடுத்துத் திரும்பினால் கை கொடுக்க ஆள் இல்லை. பெருநாள் அன்று எத்தனை பெரியவர்கள் கண் கலங்கினார்கள்!

நாம் சில மாதங்கள் மட்டுமே சுவைத்த அந்தத் தனிமையைத்தான், 'உனக்கு வீடுதான் வசதி' என்று சொல்லிப் பல பிள்ளைகளுக்கு ஆண்டுக்கணக்கில் பரிமாறிக்கொண்டிருக்கிறோம். பட்டம் கிடைக்கும். உடன் படித்த தோழி கிடைக்க மாட்டாள். ஐயத்தைக் கேட்டு நிற்க ஆசிரியரின் அறை வாசல் கிடைக்காது. வேலைக்கு எங்கே விண்ணப்பிக்கலாம் என்று சொல்லும் சக மாணவரும் கிடைக்க மாட்டார்.

அதே ஆண்டில் இன்னொன்றும் வெளிப்பட்டது. பாடத்தைப் பதிவு செய்து தாருங்கள், இணையத்தில் நடத்துங்கள் என்று மாற்றுத்திறனாளி மாணவர்கள் கேட்டபோதெல்லாம் முடியாது என்று சொன்ன நிறுவனங்கள், எல்லோருக்கும் தேவை வந்தபோது சில வாரங்களிலேயே அதைச் செய்து காட்டின. ஆனால் அந்தக் காணொளிகளில் எழுத்துவரிகள் இல்லாததால் செவித்திறன் குறைந்தவர்களுக்கு அவை ஊமைப் படங்களாகவே நின்றன.

நாம் சொல்லும் காரணங்கள்

"பிள்ளைக்கு அல்லாஹ் விதித்தது இதுதான், ஸபர் செய்துகொள்ளட்டும்" என்று சிலர் கூறுகிறார்கள். கத்ரை நம்புவது ஈமானின் கடமை. கால் வலுவிழந்தது கத்ர். படிக்கட்டுக்குப் பக்கத்தில் சாய்தளம் இல்லாதது கத்ர் அன்று, மனிதர்களின் அலட்சியம். பிறருடைய அலட்சியத்தைத் தாங்கிக்கொள்ளும்படி ஒரு பிள்ளைக்கு ஸபரைப் போதிப்பது, ஸபர் என்ற உயர்ந்த சொல்லுக்கே நாம் செய்யும் அநீதி.

"பெண் பிள்ளை, தனியாக எப்படி அனுப்புவது?" என்பது நியாயமான கவலை. நானும் பெண் மக்களைப் பெற்றவன். ஆனால் நடக்க இயலும் மூத்த மகளைக் கல்லூரிப் பேருந்தில் அனுப்பிவிட்டு, ஊன்றுகோல் ஊன்றும் இளையவளுக்கு மட்டும் இந்தக் கவலையைச் சொன்னால், நாம் அஞ்சுவது அவளுடைய பாதுகாப்புக்காகவா, ஊராரின் பார்வைக்காகவா என்று நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டும்.

"படித்து என்ன செய்யப் போகிறான்?" என்பது மூன்றாவது பேச்சு. அதே சட்டத்தின்படி அரசுப் பணிகளில் 4 விழுக்காடு மாற்றுத்திறனாளிகளுக்கு உரியது என்று இவர்களுக்குப் பதில் சொல்லலாம். அதைவிட நெருக்கமான பதில் நம் வரலாற்றிலேயே இருக்கிறது.

அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) பார்வையற்ற ஸஹாபி. குறைஷித் தலைவர்களோடு நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பேசிக்கொண்டிருந்த வேளையில், கற்றுக்கொள்ளும் ஆவலோடு அவர் வந்தார். அந்தச் சந்தர்ப்பத்தில் இறங்கியதே 'அபஸ' அத்தியாயத்தின் தொடக்க வசனங்கள். கற்க வந்த ஒரு பார்வையற்றவர் காத்திருக்க நேர்ந்ததற்காக வஹீ இறங்கியது என்றால், கல்விக்கும் மாற்றுத்திறனாளிக்கும் உள்ள உரிமைக்கு வேறென்ன சான்று வேண்டும்?

பின்னாளில் நபி (ஸல்) அவர்கள் மதீனாவை விட்டு வெளியே சென்றபோது, அவரைத் தம் பொறுப்பாளராக நியமித்துச் சென்றதும் உண்டு. பிலால் (ரலி) அவர்களோடு அவரும் முஅத்தினாக இருந்தார். ஃபஜ்ரின் நேரம் வைகறை வெளிச்சத்தைக் கண்ணால் கண்டு அறிய வேண்டியது. அந்தப் பணி ஒரு பார்வையற்றவரிடம் இருந்தது. விடிந்துவிட்டது என்று மக்கள் வந்து சொல்வார்கள், அதன் பின் அவர் பாங்கு சொல்வார் என்று ஸஹீஹுல் புகாரியின் அறிவிப்பு கூறுகிறது. 'உமக்குக் கண் தெரியாது, வேறு யாராவது சொல்லட்டும்' என்று அவரை வீட்டில் இருத்தவில்லை. பணியை அவரிடமே விட்டு, வெளிச்சத்தைச் சொல்லும் உதவியைச் சுற்றியிருந்தவர்கள் ஏற்றார்கள். சட்டம் இன்று 'நியாயமான வசதி' என்று சொல்வது இதைத்தான்.

பிறவியிலேயே பார்வையற்ற கதாதா (ரஹ்) தஃப்ஸீர் கலையின் இமாம்களுள் ஒருவர். கிராஅத் கற்கும் ஒவ்வொருவரும் அறிந்த இமாம் ஷாதிபி (ரஹ்) பார்வையற்றவர். நம் காலத்தில் ஷைகு இப்னு பாஸ் (ரஹ்) இளமையில் பார்வையை இழந்தும் சவூதி அரேபியாவின் தலைமை முஃப்தியாக உயர்ந்தார். இவர்களுக்குப் படித்துக் காட்டவும், இவர்கள் சொல்வதை எழுதவும் மாணவர்களும் தோழர்களும் சூழ்ந்திருந்தார்கள். அந்தச் சூழலை நம் பிள்ளைகளுக்கு யார் அமைத்துத் தருவது?

ஜமாஅத்தால் இயன்றவை

பெருந்தொகை வேண்டியதில்லை. ஒவ்வொரு மஹல்லாவும் தன் எல்லைக்குள் இருக்கும் மாற்றுத்திறனாளிப் பிள்ளைகளின் பெயர், வயது, படிப்பு, தேவை ஆகியவற்றைப் பதிவு செய்யட்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை இல்லாதவர்களுக்கு அதைப் பெற்றுத் தர இளைஞர் ஒருவர் பொறுப்பேற்கட்டும். அது இல்லாமல் ஒதுக்கீடு, கட்டணச் சலுகை, தேர்வுச் சலுகை எதையும் கேட்பது கடினம்.

பட்டப்படிப்புத் தேர்வு எழுதும் மாணவருக்குப் பிளஸ் டூ முடித்தவர் எழுதித் தரலாம். நம் பிள்ளைகளில் இருபது பேரின் பெயர்ப் பட்டியல் பள்ளிவாசலில் இருந்தால், எந்தத் தேர்வுக்கும் ஆளில்லை என்ற நிலை வராது. ஆனால் ஒன்று: எழுதித் தருவது அமானிதம். அவர் சொன்னதை மட்டுமே எழுத வேண்டும். இரக்கப்பட்டுத் தம் விடையைச் சேர்ப்பதும், சோம்பலால் அவர் சொன்னதைச் சுருக்குவதும் மோசடியே.

பாடநூலைத் தட்டச்சு செய்து தரவும், குரலில் பதிவு செய்து தரவும் வீட்டிலிருக்கும் நம் சகோதரிகள் பலரால் இயலும். நாளொன்றுக்கு இரண்டு பக்கம் வீதம் பத்துப் பேர் செய்தால், மாதத்துக்குள் இரண்டு மூன்று புத்தகங்கள் முடிந்துவிடும்.

வறிய மாணவர் ஜகாத்துக்குத் தகுதியானவரே. ஜகாத்தை உரியவரின் கையில் அவருடைய உடைமையாக ஒப்படைக்க வேண்டும் என்பதால், கட்டணத் தொகையையோ கைப்பேசியையோ மடிக்கணினியையோ அவருக்கே சொந்தமாகக் கொடுக்கலாம். சாய்தளம் கட்டுவது போன்ற பொதுப் பணிகளை ஸதகாவிலிருந்தும் பொது நிதியிலிருந்தும் செய்ய வேண்டும். முதல் சாய்தளம் நம் பள்ளிவாசலிலும் மத்ரஸாவிலும் அமையட்டும். நம் படிக்கட்டை வைத்துக்கொண்டு கல்லூரியின் படிக்கட்டைக் குறை சொல்வது அழகன்று. எங்கள் மத்ரஸாவிலும் சென்ற ஆண்டுதான் அது அமைந்தது என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

தொலைநிலையில் படிப்பவர்களை மாதம் ஒருமுறை பள்ளிவாசல் வளாகத்தில் ஒன்றுகூட்டினால், தனிமையும் ஓரளவு நீங்கும். பெண்களுக்குத் தனியிடமும் தனி நேரமும் ஒதுக்கலாம்.

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள்

அந்தப் பெண் பிள்ளையின் செய்தியைச் சொல்லி முடிக்கிறேன். என் மனைவி வந்து சொன்ன மறுநாளே அவர்கள் வீட்டுக்குச் சென்று, தகப்பனார் முன்னிலையில் அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "அதெல்லாம் ஒன்றும் இல்லை ஹஜ்ரத்" என்றாள். பிறகு, என்ன செய்ய விரும்புகிறாய் என்று கேட்டேன். வேதியியலுக்குக் காலம் கடந்துவிட்டது என்றும், தொடங்கியதை முடிக்க வேண்டும் என்றும் சொன்னாள். அடுத்த தேர்வுக்கு முன் தரைத்தளம் கேட்டு விண்ணப்பம் எழுதினோம். உடன் என் மகள் சென்றாள். தரைத்தளத்து அறை கிடைத்தது. நடுவில் அவளுடைய தாயாரின் நோயால் ஒரு வருடம் தடைபட்டது. இப்போது இரண்டு தாள்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. மாலையில் மக்தபின் சிறு பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித் தருகிறாள்.

பட்டம் கிடைத்துவிடும், இன்ஷா அல்லாஹ். ஆனால் ஆய்வுக்கூடத்தில் நின்றிருக்க வேண்டிய அந்த மூன்று ஆண்டுகளை நான் எங்கிருந்து திருப்பித் தருவேன்? மறுமையில் அதைப் பற்றி நான் கேட்கப்படுவேன் என்ற அச்சம் எனக்கு உண்டு.

ஆகவே தாய் தகப்பன்மார்களே, கல்லூரி முதல்வரிடமும் உறவினரிடமும் ஹஜ்ரத்திடமும் கேட்பதற்கு முன், உங்கள் பிள்ளையிடம் கேளுங்கள். வீட்டிலிருந்து படிக்க விரும்பினால் அதை முழுமையாகச் செய்து கொடுங்கள். கல்லூரிக்குப் போக விரும்பினால் அவனோடு, அவளோடு, அந்த வாசல் வரை நடந்து செல்லுங்கள். ஆலோசனை கேட்டு யாரேனும் என்னிடம் வந்தால், இப்போது நான் முதலில் சொல்வது இது ஒன்றுதான்: "பிள்ளையையும் அழைத்து வாருங்கள் பாய்."

நம் பிள்ளைகள் அனைவருக்கும் பயனுள்ள கல்வியையும், அதை அடையும் வழியை இலகுவாக்கும் நல்ல உள்ளங்களையும் அல்லாஹ் அருள்வானாக! நம்மை அறிந்தும் அறியாமலும் நிகழ்ந்த குறைகளை மன்னிப்பானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.